சிலுவைக்குறி போட்ட சீட்டுகள்

அல்லிநகரம், தேனி
3 மார்ச் 2025

அன்புள்ள ஷீலாவுக்கு அக்கா சாராள் எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நலம். இடது முழங்கால் மட்டும் அந்தக் கிருபையை ஏற்க மறுக்கிறது. உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தேன். பதில் இல்லை. போனில் சொன்னேன் என்று சொல்லாதே. போனில் எனக்கு எதுவும் கேட்பதில்லை, தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு உலுக்குவதுபோல் இருக்கிறது. அதனால்தான் நான் எழுதுகிறேன். நீயும் எழுது.

நேற்று அடுத்த வீட்டுக் கஸ்தூரியம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "ஏன்க்கா, கம்பத்துல உங்க தங்கச்சி வீட்டு முன்னாடி சனம் வரிசை கட்டி நிக்குதாமே, காசு சும்மா குடுக்காகளாமே?" என்று என் காதருகில் கத்தினாள். நான் எல்லாம் தெரிந்ததுபோல் தலையாட்டினேன். மின்வாரியத்தில் ரசீது போட்டு ஓய்வு பெற்ற ஒருத்தி வாயால் என் தங்கை வீட்டுச் செய்தியை நான் அறிய வேண்டுமா?

உன் மகள் ஜெனிபர் பெங்களூர் வேலையை விட்டு வந்தது வரன் பார்க்க என்றுதானே சொன்னாய்? இது என்ன காசு? யார் கொடுக்கிறார்கள்? ஏன் கொடுக்கிறார்கள்? வரிசையாக எழுது.

உன் அக்கா,
சாராள் ஞானசிகாமணி


கம்பம்
11 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். அவருக்குச் சர்க்கரை நூற்றெழுபது. உங்கள் முழங்காலுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். முன்பே எழுதாதது தப்புதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். உட்கார நேரமில்லை அக்கா.

ஜெனிபரும் அவள் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஒரு புதுக் காசு உண்டாக்கியிருக்கிறார்கள். போனுக்குள் இருக்கும் காசு, கையில் பிடிக்க முடியாது. களத்தில் நெல் அளக்கும்போது "பொலி, பொலி" என்பார்களே, அதை வைத்துப் பொலிக்காசு என்று பெயரிட்டாள். புதிதாகச் சேருகிறவருக்கு நூறு பொலி இலவசம். நிறையப் பேர் கையில் இருந்தால்தான் கடைக்காரர்கள் வாங்குவார்கள், அதனால் முதலில் கொடுத்துப் பரப்ப வேண்டுமாம். முதல் வாரம் நாற்பது பேர். இது ஐந்தாவது வாரம், ஆயிரத்துத் தொள்ளாயிரம்!

வாசலில் தள்ளுமுள்ளு. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி நான் டோக்கன் எழுதிக் கொடுக்கிறேன். தெருவுக்கு ஒரு நாள் என்று பிரித்தேன். ஒருவன் ஆறு சிம் கார்டு வைத்துக்கொண்டு ஆறு முறை வந்தான். ஜெனிபரின் அப்பா பிடித்துவிட்டார். "ஏலே, நேத்து மீசை இல்லாம வந்தவன் நீதானடா?" என்றார். "அது எந்தம்பிங்க" என்றான். "உந்தம்பிக்கும் இதே எடத்துல மச்சமா?" என்றதும் வரிசையே சிரித்தது.

சேருகிறவர்களுக்குப் போன் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் காட்டும். அதுதான் சாவி. அந்த வார்த்தைகள் யாருக்குத் தெரிகிறதோ, காசு அவர்களுடையது. எழுதிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மனுசர் யாருக்கும் சொல்லாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

அன்புடன்,
ஷீலா


அல்லிநகரம்
19 மார்ச் 2025

அன்புள்ள ஷீலா,

சுகம். நூற்றெழுபது அதிகம். அவரை இரவில் சோறு சாப்பிட விடாதே.

கல்யாணப் பத்திரிகையை வெட்டி டோக்கன் கொடுப்பது அழகாக இல்லை. கடையில் எண் அச்சடித்த அட்டை கிடைக்கும். மீசையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பதும் ஒரு முறை ஆகாது. புதிதாக வருகிறவருக்கு, ஏற்கெனவே சேர்ந்தவர் இரண்டு பேர் நேரில் வந்து "இவரை எங்களுக்குத் தெரியும்" என்று சாட்சி சொல்ல வேண்டும். நம் சபையில் அங்கத்தினர் சேர்ப்பது அப்படித்தானே? வரிசை தானாகக் குறையும்.

இன்னொன்று. தேனியிலும் இதற்கு ஆள் தேவைப்படும். பாங்கு படிவமானாலும் கலெக்டர் மனுவானாலும் இந்தத் தெருப் பெண்கள் முப்பது வருடமாக என்னிடம்தான் வருகிறார்கள். வார்த்தைகள் இங்கிலீஷ் என்கிறாய். இங்கே கொடைக்கானல் கான்வென்டில் படித்தவள் வேறு யாரும் இல்லை. நான் கேட்கவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

நாற்பது வருடம் உன் வீட்டு வாசலில் பால்காரன் தவிர யாரும் நின்றதில்லை. இப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். கர்த்தர் செயல்.

சாராள்


கம்பம்
7 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னியுங்கள். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, ஓய்வுதான் இல்லை. உங்கள் முழங்கால் எப்படி?

உங்கள் இரண்டு சாட்சி யோசனை அருமை. மறுநாளே தொடங்கிவிட்டோம். அப்படியும் ஆறாயிரம் தாண்டிவிட்டது. பெங்களூரில் இருக்கும் மெஷின் தாங்காமல் இரண்டு நாள் நின்றுபோனது. இப்படியே போனால் கொடுக்கக் காசு மிஞ்சாது என்று ஜெனிபர் இனிச் சேருகிறவர்களுக்கு ஐம்பதுதான் என்று குறைத்தாள். அன்றைக்கு வாசலில் ஒரே சத்தம். "நேத்து வந்தவனுக்கு நூறு, நாங்க என்ன எளக்காரமா?" என்று உத்தமபாளையத்து ஆள் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தே விட்டார். மோர் கொடுத்து அனுப்பினேன்.

தேனிக்கு ஆள் போட்டாயிற்று. உங்கள் அடுத்த வீட்டுக் கஸ்தூரியம்மாள். இரண்டு முறை பஸ் ஏறி வந்து கற்றுக்கொண்டு போனார்கள். வருகிறவர்களிடம் நாள் முழுக்கப் பேச வேண்டும், போனிலும் பேச வேண்டும். உங்களுக்கு வீண் சிரமம் என்று ஜெனிபரும் சொன்னாள், நானும் நினைத்தேன். பக்கத்தில் நீங்கள் இருப்பது அவர்களுக்குத் தைரியமாக இருக்கும்.

அன்புடன்,
ஷீலா


அல்லிநகரம்
30 ஏப்ரல் 2025

ஷீலாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உள்ளூர்ப் பத்திரிகையில் ஜெனிபர் படம் பார்த்தேன். "இளம் பெண்ணின் இரட்டைச் சாட்சி முறை" என்று தலைப்பு. நல்ல படம். புடவைக்கு இன்னும் கொஞ்சம் கஞ்சி போட்டிருக்கலாம்.

கஸ்தூரியம்மாள் வாசலில் ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கிறாள். காலை பத்து மணிக்கே நிறைந்துவிடுகின்றன. நம் சபைப் பெண்களும் வருகிறார்கள். தங்கபுஷ்பம் அவள் புருஷனுடைய பென்ஷன் மனுவை என்னைக் கொண்டுதான் நான்கு முறை எழுதினாள். இப்போது என் கேட்டைத் தாண்டி அங்கே போய் உட்காருகிறாள். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்காமல் போயிருக்கலாம்.

கஸ்தூரியம்மாளுக்கு இங்கிலீஷில் தன் பெயர் எழுதத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

சாராள்


கம்பம்
20 மே 2025

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். நீங்கள் இரண்டு வரி எழுதினாலும் எனக்குச் சந்தோஷம். இந்த வெயிலில் வெளியே போகாதீர்கள்.

இருபதாயிரம் ஆகிவிட்டது அக்கா. பத்து நாள் யாரையும் சேர்க்காமல் நிறுத்திவைத்தோம். வளர்வது பெரிதல்ல, வளர்ந்ததைக் கட்டிக் காப்பதுதான் பெரிது என்று ஜெனிபர் சொல்கிறாள். பந்தலுக்குக் கல்லுக்கால் நடாமல் திராட்சைக் கொடியை ஏற்றுவதுபோல் என்று அவள் அப்பா சொன்னார். இங்கே சுருளிவேல் மளிகையில் பொலி வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பது பொலிக்கு ஒரு கிலோ சீனி! இனிமேல்தான் பயம். விலை வந்துவிட்டால் திருட்டும் வரும்.

கஸ்தூரியம்மாள் தங்கமானவர். போனில் அந்தப் பன்னிரண்டு வார்த்தை வரும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாராம். "நான் மனுசிதானே, எனக்கும் தெரியக்கூடாது" என்பாராம். சனங்கள் ஒவ்வொரு எழுத்தாகப் படம் வரைவதுபோல் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். தங்கபுஷ்பம் இந்தக் காசைச் சேர்த்து மருமகளுக்குத் தெரியாமல் மூக்குக்கண்ணாடி மாற்றப்போவதாகச் சொன்னாளாம்.

ஒரு வாரம் இங்கே வந்து இருங்களேன். திராட்சை வந்திருக்கிறது.

ஷீலா


அல்லிநகரம்
14 ஜூன் 2025

என் அன்புள்ள ஷீலா,

நான் மிகவும் நலமாக இருக்கிறேன். முழங்கால்கூட இன்று வலிக்கவில்லை. உன் வீட்டுக்காரருக்கு என் அன்பைச் சொல்.

நேற்று வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். வேண்டுதல்களை எழுதிப் போடும் ஜெபக் குறிப்புப் பெட்டியைத் திறந்து வாசிப்பது இருபத்தெட்டு வருடமாக என் வேலைதான், உனக்குத் தெரியும். கொஞ்ச நாளாகப் பெட்டியும் காலி, கூட்டமும் குறைவு. நேற்று பெண்கள் நிறைந்திருந்தார்கள். பெட்டியும் நிறைந்திருந்தது. அதில் ஒன்பது சீட்டுகள் இங்கிலீஷில் இருந்தன. மதர் சுப்பீரியர் முன்னால் நின்று வாசிப்பதுபோல் நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, திருத்தமாக வாசித்தேன். ஒரு இருமல் இல்லை. முடித்ததும் எல்லோரும் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள். எனக்கே கேட்டது! வெளியே வரும்போது ஒருத்தி, "இன்னுமாம்மா இம்புட்டு இங்கிலீஷ் ஞாபகம் வச்சிருக்கீக?" என்றாள்.

வெளிநாட்டில் இருக்கும் சபைப் பிள்ளைகளுக்காக இப்போது கூட்டத்தை நேரலையில் ஒளிபரப்புகிறார்கள். டொராண்டோவில் என் மகன் ஸ்டான்லியும் பார்த்திருக்கலாம்.

திராட்சைக்கு வர முடியாது. இங்கே வேலை இருக்கிறது.

உன் அக்கா,
சாராள்


கம்பம்
25 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் சுகம் அறிந்து சந்தோஷம். உங்கள் இங்கிலீஷ் வாசிப்பை நான் நினைத்துப் பார்த்தேன். சின்ன வயதில் லீவுக்கு வந்தால் வாசிப்பீர்களே, எனக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இங்கே நிலைமை சரியில்லை. போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, அல்லிநகரத்தில் ஒன்பது பெண்களின் பொலி மொத்தமும் காணாமல் போய்விட்டது. ஒன்பது பேரும் நம் சபை. யாரோ பன்னிரண்டு வார்த்தைகளையும் சரியாகப் போட்டுத் திறந்து எடுத்திருக்கிறார்கள். எங்கே போனது என்று ஜெனிபரால் பிடிக்க முடியவில்லை. செய்தி பரவி, கம்பத்திலும் சின்னமனூரிலும் வந்து "எங்க காச எடுத்துக் குடு" என்று நிற்கிறார்கள். சுருளிவேல் கடையில் பொலி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். நான்கு மாதம் சேர்த்தது நான்கு நாளில் சரிகிறது. ஜெனிபர் சாப்பிடுவதில்லை.

எல்லோரும் கஸ்தூரியம்மாளைத்தான் சொல்கிறார்கள். அவர்தானே பக்கத்தில் இருந்தார், பார்த்து வைத்துக்கொண்டார் என்று. வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்களாம். "எம்புள்ள மேல சத்தியமா நான் பாக்கல" என்று போனில் அழுதார். எனக்கு அவர் செய்திருப்பார் என்று தோன்றவில்லை. போலீசுக்குப் போகப்போவதாகச் சொல்கிறார்கள்.

நீங்கள் அடுத்த வீடு. உங்களுக்கு ஏதாவது தெரியுமா அக்கா? உடனே எழுதுங்கள்.

ஷீலா


அல்லிநகரம்
2 ஜூலை 2025

அன்புள்ள ஷீலா,

நலம். சாரல் தொடங்கிவிட்டது. உன் வீட்டுக்காரரைத் தலையில் துண்டு கட்டிக்கொள்ளச் சொல். ஜெனிபரைச் சாப்பிடச் சொல்.

கஸ்தூரியம்மாள் வீட்டு நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். அவள் வெளியே வருவதில்லை. அவளைப் பற்றி நான் நல்லதாகவோ கெட்டதாகவோ சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்தது நீ.

தங்கபுஷ்பம் நேற்று என்னிடம் வந்து போலீசுக்கு மனு எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன்.

சாராள்


கம்பம்
21 ஜூலை 2025

அக்கா,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

தங்கபுஷ்பத்தை ஜெனிபர் போய்ப் பார்த்தாள். சீட்டை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள். "எங்கிட்டும் வைக்கல ஆத்தா. மனுசர் யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னாக. அதான் கர்த்தர்ட்ட குடுத்துட்டேன்" என்றாளாம். ஜெபப் பெட்டியில் போட்டிருக்கிறாள். அவளைப் பார்த்து மற்ற எட்டுப் பேரும் போட்டிருக்கிறார்கள். மேலே சிலுவைக்குறி போட்டு மடித்துத்தான் போட்டார்களாம். சிலுவை போட்ட சீட்டைப் பிரிக்காமல் மேஜையில் வைத்து ஜெபிப்பதுதானே நம் சபை வழக்கம்? அந்த வழக்கத்தை ஏற்படுத்தியதே நீதானே?

அந்த வெள்ளிக்கிழமை ஒளிபரப்பு இன்னும் அழியாமல் இருக்கிறது. உலகத்தில் யாரும் பார்க்கலாம். யாரோ ஒருவன் பார்த்திருக்கிறான். நானும் மூன்று முறை பார்த்தேன். முதல் சீட்டை வாசிக்கிறாய். இரண்டாவதை வாசிக்கிறாய். மூன்றாவதைப் பிரித்துவிட்டு நிறுத்துகிறாய். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாய். கூட்டத்தைப் பார்க்கிறாய். பிறகு வாசிக்கிறாய். ஒன்பதையும். அந்தப் பெண்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, தங்கள் வார்த்தைதான் என்று அவர்களுக்குத் தெரியாது. அதற்கும் ஆமென் சொல்கிறார்கள்.

பன்னிரண்டு வார்த்தை என்றால் என்ன என்று மார்ச் மாதமே உனக்கு எழுதினேன்.

உன்னைக் கொடைக்கானலுக்கு அனுப்ப அப்பாவிடம் பணம் இருந்தது, என்னை அனுப்ப இல்லை. நீ பஸ் ஏறும்போதெல்லாம் உன் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு வருவேன். எனக்கும் வயிறு எரிந்திருக்கிறது அக்கா. உன் பெட்டியை நான் ஒரு நாளும் வழியில் போட்டதில்லை.

போலீஸ் மனுவில் கஸ்தூரியம்மாள் பெயரை உன் கையால் எழுதினாயா? அதை மட்டும் சொல்.

ஷீலா


அல்லிநகரம்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஷீலா,

எழுதினேன். அழகாக எழுதினேன்.

என் நலம் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் முதலில் எழுதிவிடுகிறேன்.

முதல் சீட்டு எனக்கு விளங்கவில்லை. சிலுவையைப் பார்த்தேன், இங்கிலீஷைப் பார்த்ததும் சிலுவையை மறந்தேன். இரண்டாவதை எண்ணிக்கொண்டே வாசித்தேன். பன்னிரண்டு. மூன்றாவதைப் பிரிக்கும்போது எனக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். கஸ்தூரியம்மாள் வாசல் நாற்காலிகளில் உட்காரும் முகங்கள் எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நிறுத்தினால் அவை மறுபடி அங்கே போய்விடும் என்று நினைத்தேன். திருட்டு நடக்கும் என்று நினைக்கவில்லை. நடக்காது என்றும் நினைக்கவில்லை. அவ்வளவுதான் உண்மை.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் கஸ்தூரியம்மாள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள். "தெரிஞ்சேவாக்கா வாசிச்சீக?" என்றாள். இரண்டுக்குப் பிறகு தெரிந்தே என்றேன். "அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? எனக்கு நான் எடுக்கலன்னு தெரியும். தெருவுல சொல்லுங்க." கதவைச் சாத்திவிட்டாள்.

தள்ளுவண்டியில் காய் வாங்க ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். அங்கேயே நின்று சொன்னேன். தங்கபுஷ்பமும் இருந்தாள். கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. "ஏம்மா, நான் கர்த்தர்ட்டதானே குடுத்தேன்?" என்றாள். போலீஸ் ஸ்டேஷனுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போய் மனுவைத் திரும்ப வாங்கி, என் பெயரில் வேறொன்று எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்திலும் சொன்னேன். "நீங்க கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கம்மா" என்றார் போதகர். இப்போது குறிப்புகளைத் தங்கபுஷ்பம் வாசிக்கிறாள். விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். எனக்குக் கேட்பதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து அவள் உதட்டைப் பார்க்கிறேன். பிழையாக வாசிக்கிறாள் என்றுதான் அப்போதும் தோன்றுகிறது. ஒன்பது பேருக்கும் ஜெனிபர் தன் பங்கிலிருந்து கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். கஸ்தூரியம்மாள் வாசலில் நாற்காலிகள் மறுபடி வந்துவிட்டன, பன்னிரண்டோ பதிமூன்றோ. நான் எண்ணாமல் இருக்க முயல்கிறேன்.

ஷீலா, உன்னை எனக்குத் தெரியும். இதை வாசித்த உடனே பேனாவை எடுத்து, மன்னித்துவிட்டேன் அக்கா என்று எழுதுவாய். அதிலும் நீயே என்னை முந்திவிடுவாய். அதை என்னால் தாங்க முடியாது. ஒரு மாதமாவது கோபமாக இரு. பதில் எழுதாதே.

சாராள்


கம்பம்
12 செப்டம்பர் 2025

அக்கா,

அவருக்குச் சர்க்கரை நூற்று முப்பது. ஜெனிபர் சாப்பிடுகிறாள். இப்போது ஒரு நாளைக்கு இருபது பேரைத்தான் சேர்க்கிறோம்.

நீ ஒரு மாதம் கேட்டாய். முடிந்து எட்டு நாள் ஆகிறது. தினமும் காலையில் எழுந்து பார்க்கிறேன், கோபம் தீரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. இன்னும் ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறேன்.

முழங்காலுக்குத் தைலம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சூடு பண்ணித் தேய்.

ஷீலா